கை மரத்துப்போவது மூளைக் கோளாறா?

கேள்வி: எனக்கு வயது 46. கணினியில் கணக்கு எழுதும் வேலை. நான்கைந்து மாதமாக நடுராத்திரியில் வலது கை மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. எழுந்து உட்கார்ந்து உதறினால் சரியாகிவிடுகிறது. இப்போது பகலில் போனைக் காதில் வைத்துப் பேசும்போதும் விரல்கள் மதமதவென்று ஆகின்றன. இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. எனக்கும் அதே வலது கை என்பதால் பயமாக இருக்கிறது. போதாக்குறைக்கு, போன வாரம் இஸ்திரிப் பெட்டியில் விரல் பட்டுவிட்டது. கையை உடனே இழுத்துக்கொண்டேன். ஆனால் எரிச்சல் சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது. என் நரம்புகள் மெதுவாகிவிட்டனவா? மருந்துக் கடையில் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டு வருகிறேன். மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்துவிடட்டுமா? நரம்பு எப்படித்தான் வேலை செய்கிறது என்றும் புரியும்படி எழுதுங்கள்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், விளக்கத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கோளாறு மூளையில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மணிக்கட்டில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கையைத் தொட்டுப் பார்க்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்வது முறையில்லை. ஆனால் அப்பாவுக்கு வந்ததேதான் உங்களுக்கும் வந்திருக்கிறது என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஏற்கெனவே போதுமான அளவு கெட்டுக் கிடக்கிறது.

கடிதத்தை வைத்தே இவ்வளவு சொல்ல முடிவதற்குக் காரணம், "உதறினால் சரியாகிவிடுகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரி. நரம்பியல் மருத்துவர் யாராக இருந்தாலும் "என்ன நோய்" என்று யோசிப்பதற்கு முன் "எங்கே" என்றுதான் யோசிப்பார். மூளையா, தண்டுவடமா, கழுத்தில் கிளம்பும் நரம்பு வேரா, கைக்குள் ஓடும் நரம்பா, நரம்பு தசையைத் தொடும் இடமா, தசையேதானா? இது தெரிந்துவிட்டால் நோயின் பெயர் பாதி தானாக வந்துவிடும். ஸ்கேன் எல்லாம் அந்த விடையைச் சரிபார்க்கத்தான். எங்கே என்று தெரியாமல் எடுக்கிற ஸ்கேன், சம்பந்தமே இல்லாத எதையாவது காட்டிப் புதுப் பயத்தைக் கிளப்பிவிடுவதும் உண்டு.

இஸ்திரிப் பெட்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அதில் உங்கள் நரம்புகள் சரியாக வேலை செய்ததற்கான சாட்சிதான் இருக்கிறது.

தோலில் சூடு பட்டதும் சேதி இரண்டு வகை இழைகளில் கிளம்புகிறது. ஒரு வகைக்கு மேலே மெல்லிய கொழுப்பு உறை உண்டு. அதில் சேதி வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை போகும். இன்னொரு வகைக்கு உறையே கிடையாது. அதில் வினாடிக்கு அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர்தான். மனிதர் நடக்கிற வேகம். விரல்நுனியிலிருந்து கழுத்துப் பகுதித் தண்டுவடத்துக்கு முக்கால் மீட்டருக்கு மேல் தூரம் இருக்கிறது. வேகமான இழையில் வந்த சேதி வினாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் தண்டுவடத்தை எட்டிவிடும். அங்கே அது மூளையின் உத்தரவுக்காகக் காத்திருப்பதில்லை. தண்டுவடத்திலேயே இடைநிலை நரம்பணு ஒன்றிரண்டைத் தாண்டி, கையை மடக்கும் தசைகளுக்குப் போகும் நரம்பணுக்களை உசுப்பிவிடுகிறது. கை பின்னால் வந்துவிடுகிறது. அதே சேதியின் நகல் மூளைக்குப் போய்ச் சேரும்போது "சுருக்" என்ற முதல் வலி தெரிகிறது. உறையில்லாத இழைகளில் கிளம்பியது இன்னும் வழியில்தான் இருக்கிறது. அது வந்து சேர ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். நீங்கள் சொல்லும் எரிச்சல் அதுதான்.

இந்த இடைவெளி எல்லோருக்கும் உண்டு. கால் கட்டைவிரலை மேசைக்காலில் இடித்துக்கொள்ளும்போது இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் தூரம் அதிகம்: இடித்ததும் "ஐயோ, வலிக்கப் போகிறதே" என்று நினைத்துக்கொள்ளக்கூட அவகாசம் கிடைக்கும், அதற்குப் பிறகு வலி வந்து இறங்கும். மற்றவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நீங்கள் ஏற்கெனவே பயந்துபோயிருந்ததால் கவனித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சுட்ட விரலை அனிச்சையாகத் தேய்த்துக்கொண்டும் இருப்பீர்கள். அதிலும் அர்த்தம் இருக்கிறது. தொடுதலைக் கொண்டுபோகும் தடித்த இழைகள் தண்டுவடத்தில் வலிச் சேதியை ஓரளவு அமுக்கிவிடும். ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் 1965-ல் முன்வைத்த 'வலிக் கதவு'க் கொள்கை இதைத்தான் சொல்கிறது. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அதன் விவரங்களில் நிறையத் திருத்தம் செய்துவிட்டன; ஆனால் மூளைக்குப் போகிற வழியிலேயே வலி கூட்டிக் குறைக்கப்படுகிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

இனி, அந்தச் "சேதி" என்பது என்ன?

நரம்பில் மின்சாரம் ஓடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. நரம்பணு சும்மா இருக்கும்போது அதன் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும் புரத பம்ப்புகளும், பொட்டாசியத்தை மட்டும் கசியவிடும் துளைகளும் சேர்ந்து இந்த நிலையைக் காப்பாற்றுகின்றன. நரம்பு தூண்டப்படும்போது அந்த இடத்தில் சவ்வில் இருக்கும் சோடியக் கதவுகள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. உட்புறம் ஒரு நொடிப்பொழுது நேர்மின்னாக மாறுகிறது. உடனே கதவு அடைபட்டு, பொட்டாசியம் வெளியேறி, பழைய நிலை திரும்புகிறது. எல்லாம் ஏறத்தாழ ஒரு மில்லி வினாடிக்குள். அதற்குள் பக்கத்துக் கதவுகள் உசுப்பப்பட்டு, அங்கே இதே கூத்து ஆரம்பித்துவிடும். இப்படி ஒவ்வொரு இடத்திலும் புதிதாகப் பிறந்து பிறந்து போவதால்தான் பாதத்தில் கிளம்பிய சேதி முதுகு வரை வந்தும் நீர்த்துப்போவதில்லை. ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் ராட்சத நரம்பிழையில் மின்முனையைச் செருகி இதை அளந்து, 1952-ல் கணிதச் சமன்பாடுகளாகவே எழுதிவிட்டார்கள். 1963-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

வேகத்துக்குக் காரணம் மயலின் என்கிற அந்தக் கொழுப்பு உறை. உறை தொடர்ச்சியாக இருக்காது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு முறை சிறு இடைவெளி விட்டிருக்கும். ரேன்வியர் கணுக்கள் என்று பெயர். சேதி ஒவ்வோர் அங்குலமாக ஊர்ந்து போகாமல் கணுவுக்குக் கணு தாவுகிறது. தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் போகும் தடித்த, நன்றாக உறையிட்ட இழைகளில் இந்த வேகம் வினாடிக்கு 120 மீட்டர் வரைகூடப் போகும். இந்த உறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மணிக்கட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

இழையின் கடைசியில், அதாவது நரம்பு தசையைத் தொடும் இடத்தில், இந்த மின்மாற்றம் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே நுண்ணிய இடைவெளி இருக்கிறது. அதைத் தாண்ட நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சிந்துகிறது. தசையில் அது அசிட்டைல்கோலின். நரம்பு வேதிப்பொருள் மூலம் பேசுகிறது என்பதை 1921-ல் ஓட்டோ லூவி இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார்: ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்து, அது நனைந்திருந்த திரவத்தை எடுத்து மற்றதில் விட்டார், அதன் துடிப்பும் குறைந்தது. மூளையில் வேலை செய்யும் பல மருந்துகளின் விளையாட்டு நரம்பணுக்களுக்கு நடுவே உள்ள இத்தகைய இடைவெளிகளில்தான் என்றாலும், உங்கள் கைக்கு இப்போது அது தேவையில்லை.

தேவையானது வேறொன்று. கண் நரம்பில் போகும் துடிப்பையும் விரல் நரம்பில் போகும் துடிப்பையும் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. "நான் வெளிச்சம்", "நான் சூடு" என்று எந்தத் துடிப்பிலும் எழுதி ஒட்டியிருக்காது. எந்த நரம்பு வழியாக வந்தது என்பதை வைத்துத்தான் மூளை அர்த்தம் பண்ணிக்கொள்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மூக்கோரமாக இமையை மெதுவாக அழுத்திப் பாருங்கள்; எதிர்ப் பக்கத்தில் ஒரு வெளிச்ச வளையம் தெரியும். அழுத்தியது விரல், ஆனால் கண் நரம்பு வழியாக வந்ததால் மூளைக்கு அது வெளிச்சம். (கண்ணில் அறுவை சிகிச்சை ஆனவர்களும் கண்நோய் உள்ளவர்களும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே யோகான்னஸ் முல்லர் என்ற ஜெர்மானிய உடலியலாளர் இதை ஒரு விதியாகச் சொல்லியிருக்கிறார்.

இதன் விளைவு என்னவென்றால், நரம்பின் நடுவழியில் எங்கே தொந்தரவு நேர்ந்தாலும் அது நரம்பு முடிகிற இடத்தில்தான் நேர்ந்ததாக மூளை நம்பும். வாசலில் அழைப்பு மணியின் பொத்தான் இருக்கிறது. சுவருக்குள் ஓடும் வயரில் எங்கோ உரசினாலும் மணி அடிக்கும். உள்ளே இருப்பவர் வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் எழுந்து போவார். முழங்கையின் உட்புற எலும்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரலில் ஷாக் அடிக்கிறதே, அது இதுதான். அங்கே தோலுக்கு அடியிலேயே ஓடும் அல்னார் நரம்பின் கடைசி முனை சுண்டுவிரலில் இருக்கிறது. கையே இல்லாதவருக்கும் கை வலிப்பது இதன் உச்சம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த வீரர்களைக் கவனித்த சைலஸ் வெய்ர் மிட்செல், 1871-ல் இதற்கு 'மாய உறுப்பு' என்று பெயர் வைத்தார்.

ஆகவே, விரல் மரத்துப்போகிறது என்றால் விரலைப் பார்த்துப் பயனில்லை. விரலிலிருந்து மூளை வரையிலான பாதையில் எந்த இடத்தில் உரசல் என்று தேட வேண்டும். தேடுவதற்கு ஒரு வழி இருக்கிறது: ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி வரைபடம் உண்டு.

உங்கள் மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கம் எலும்புகளால் ஆன ஒரு பள்ளமும், அதன் மேல் தடித்த ஒரு நாரும் சேர்ந்து குறுகலான சுரங்கம் போல அமைந்திருக்கின்றன. கார்ப்பல் டனல் என்பார்கள். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அந்த நரம்புக்கு மீடியன் என்று பெயர். தூங்கும்போது நாம் அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். உள்ளே அழுத்தம் ஏறுகிறது. நரம்புக்கு ரத்தம் குறைகிறது. மயலின் உறை நசுங்குகிறது. நசுங்கிய இழைகள் தாமாகவே தாறுமாறாகத் துடிக்க ஆரம்பிக்கும். மதமதப்பு, ஊசி குத்தல் எல்லாம் இந்தத் தாறுமாறான துடிப்புகள்தான். எழுந்து உதறும்போது மணிக்கட்டு நேராகிறது, ரத்தம் திரும்புகிறது, அடங்கிவிடுகிறது. போனைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதும் இதே கதை.

இப்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். அடுத்த முறை மரத்துப்போய் எழுந்ததும், உதறுவதற்கு முன், இடது கை விரலால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தடவுங்கள். "கை முழுக்க" என்றுதான் தோன்றும். ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பொறுமையாகத் தடவினால், சுண்டுவிரல் சரியாக இருப்பது பெரும்பாலும் தெரியவரும். அப்புறம் மோதிர விரலுக்கு வாருங்கள். அதன் நடுவிரலை ஒட்டிய பக்கத்தையும், சுண்டுவிரலை ஒட்டிய பக்கத்தையும் தனித்தனியாகத் தொடுங்கள். ஒரு பக்கம் மந்தமாகவும் மறுபக்கம் சாதாரணமாகவும் இருந்தால் கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிடலாம். மீடியன் நரம்பின் எல்லை பெரும்பாலோருக்கு மோதிர விரலின் நடுவோடு போகிறது. மறுபாதி அல்னார் நரம்புக்குச் சொந்தம். கழுத்து எலும்பு தேய்ந்து நரம்பு வேர் அழுந்தினால் மோதிர விரல் இப்படி இரண்டாகப் பிரியாது. மூளைக் கோளாறிலும் பிரியாது. ஒரு விரலை நெடுக்கில் பாதியாகப் பிரித்துக் காட்டும் கோளாறு கைக்குள்தான் இருக்க முடியும். எத்தனையோ விலையுயர்ந்த இயந்திரங்கள் வந்த பிறகும் இந்த மோதிர விரல் சோதனையின் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை.

மரப்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரலோடு முன்கைக்கு மேலேயும் ஏறி, கழுத்தைத் திருப்பும்போது சுரீரென்று இறங்கினால் கழுத்தைச் சந்தேகிக்க வேண்டும். சுண்டுவிரல் மட்டும் என்றால் முழங்கை.

அப்பாவுக்கு நடந்தது வேறு. மூளையின் எடை உடலின் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று எதுவும் வைத்துக்கொள்ளாது. பெரிய ரத்தக் குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாக ஒரு கணக்கு உண்டு. தசைக்கு உத்தரவு கொண்டுபோகும் இழைகளில் பெரும்பாலானவை மூளைத் தண்டின் கீழ்ப்பகுதியில் பக்கம் மாறிவிடுகின்றன. அதனால்தான் இடது மூளை வலது கையை ஆள்கிறது. வலதுகைப் பழக்கம் உள்ள பெரும்பாலோருக்குப் பேச்சும் இடது மூளையில்தான். மூளையின் மேற்பரப்பில் கைக்கான இடமும் முகத்துக்கான இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை வைல்டர் பென்ஃபீல்டு 1930-களில், விழித்திருந்த நோயாளிகளின் மூளையை மின்முனையால் தொட்டு வரைபடமாக்கினார். ஆகவே அங்கே அடைப்பு வந்தால் கையோடு வாயோரமும் கோணும், பேச்சு குழறும். அது திடீரென்று வரும். பெரும்பாலும் மதமதப்பைவிட, கை ஓங்காமல் தொங்கிவிடுவதுதான் முன்னால் தெரியும். ஒவ்வோர் இரவும் வந்து, உதறினால் போகும் பழக்கம் அதற்கு இல்லை.

அப்பாவின் பக்கவாதத்தால் உங்களுக்குப் பயனுள்ள பாடம் ஒன்று உண்டுதான்: ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். குடும்பத்தில் பக்கவாதம் இருந்தால் நமக்கும் ஆபத்து சற்றுக் கூடும், அதைக் குறைக்க நம் கையில் இருக்கும் மிகப் பெரிய கருவி ரத்த அழுத்தக் கட்டுப்பாடு. கை மரப்பதால் இதைப் பார்க்கச் சொல்லவில்லை, 46 வயதாகிவிட்டதால் சொல்கிறேன்.

எம்ஆர்ஐக்குப் பதிலாக நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். இதன் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. நரம்பில் சேதி போகும் வேகத்தை அளக்கவே முடியாது என்று அந்த முல்லர் நம்பினார். அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ல் அளந்துவிட்டார். தவளைக் காலின் நரம்பைத் தசைக்குப் பக்கத்தில் ஒரு முறையும், தூரத்தில் ஒரு முறையும் தூண்டினார். தசை துடிக்க இரண்டாம் முறை சற்றே தாமதமானது. தூர வித்தியாசத்தை நேர வித்தியாசத்தால் வகுத்தார். வினாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர். எண்ணத்தின் வேகத்தில் போகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று, குதிரையைவிடக் கொஞ்சம்தான் வேகம் என்று தெரிந்தது.

உங்களுக்குச் செய்யப்போவதும் அதேதான். கட்டைவிரலின் அடிச்சதை மேல் ஒரு மின்முனையை ஒட்டுவார்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே சிறு ஷாக் கொடுப்பார்கள். கட்டைவிரல் தன் இஷ்டத்துக்குத் துள்ளும், திரையில் ஒரு அலை எழும். பிறகு முழங்கை மடிப்பில் இன்னொரு ஷாக். முன்கையில் வேகம் சாதாரணமாக வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல் இருக்கும். மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் தசைக்கு வர ஏறத்தாழ 4 மில்லி வினாடி ஆகலாம். முன்கையில் சரியான வேகத்தில் வந்த சேதி மணிக்கட்டில் மட்டும் தேங்கினால், உறை அங்கே நசுங்கியிருக்கிறது என்று பொருள். பரிசோதனை கொஞ்சம் அசௌகரியம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தாங்க முடியாததில்லை. கோளாறு ஆரம்ப நிலையில் இருந்தால் முடிவு சாதாரணமாக வரவும் கூடும். அப்போது மருத்துவர் உங்கள் கதையைத்தான் நம்புவார், நம்பவும் வேண்டும்.

மருந்துக் கடை மாத்திரை விஷயத்தில் சற்றுக் கண்டிப்பாகவே எழுதுகிறேன். "நரம்புத் தளர்ச்சி" என்று ஒரு நோயை நரம்பியலில் நாங்கள் கண்டுபிடிப்பதில்லை. கை நடுக்கம், சோர்வு, மரப்பு, தூக்கமின்மை, மனக்கவலை என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பல தொல்லைகளை ஒரே பெயரில் அடைத்துவிடுகிறார்கள். அதனால் "எங்கே" என்ற கேள்வியே கேட்கப்படாமல் போகிறது. வைட்டமின் பி12 குறைந்தால் நரம்பு பாதிக்கும், உண்மைதான். மயலின் உறையைக் காப்பாற்ற அது வேண்டும். விலங்குவழி உணவு எதுவுமே சேர்க்காதவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கும் அது குறையக்கூடும். ஆனால் அப்படிப்பட்ட மரப்பு வழக்கமாக இரண்டு பாதங்களிலும் சமமாக ஆரம்பிக்கும், ஒரு கையில் தனியாக வராது. பாதத்தில் ஏன் தெரியுமா? பாதத்துக்குப் போகும் இழையின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதன் உயிரணுவோ முதுகெலும்புப் பக்கத்தில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாத அளவில் உட்கார்ந்திருக்கிறது. நுனிக்கு வேண்டிய பொருள் எல்லாம் அங்கேதான் தயாராகி, இழைக்குள்ளேயே பயணம் செய்து போக வேண்டும். வேகமாகப் போகிற சரக்கே ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர்தான் நகரும். சர்க்கரை நோயோ சத்துக் குறைவோ உயிரணுவைத் தளரவைக்கும்போது, மிக நீளமான இழையின் நுனிதான் முதலில் பட்டினி கிடக்கும்.

அந்த மாத்திரை அட்டையைத் திருப்பி, பி6 எவ்வளவு என்று பாருங்கள். பைரிடாக்சின் என்று போட்டிருக்கும். அதிக அளவில் மாதக்கணக்காகச் சாப்பிட்டால் பி6 உணர்வு நரம்புகளையே கெடுக்கும். நரம்புக்கு நல்லது என்று விற்கப்படும் ஒன்று நரம்பு மரப்புக்குக் காரணமாவதைப் பார்த்திருக்கிறேன். பி12 அளவை ரத்தத்தில் பார்த்து, குறைந்திருந்தால் அதை மட்டும் சரியான அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கிற கையோடு சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். இரண்டும் மணிக்கட்டுச் சுரங்கத்தை நெருக்கடியாக்கும்.

இன்றைக்கே செய்யக்கூடியது, இரவில் மணிக்கட்டு மடங்காமல் நேராக வைத்திருக்கும் கைப்பட்டை. ஸ்ப்ளின்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். விரல்கள் அசையலாம், மணிக்கட்டு மட்டும் அசையக் கூடாது. இறுக்கிக் கட்டினால் உள்ளே இன்னும் அழுத்தம் ஏறும், எனவே தளர்வாக. இரண்டு மூன்று நாளில் பலன் இல்லை என்று கழற்றிப் போட்டுவிடாதீர்கள். ஆறு வாரமாவது கொடுங்கள். பகலில் தட்டச்சு செய்யும்போது மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றாதீர்கள். இதில் அடங்காவிட்டால் சுரங்கத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதன் பலன் பலருக்குச் சில மாதங்கள் நிற்கும். அதற்கும் மேலே போனால், மேலிருக்கும் நாரைப் பிரித்துவிடும் சிறிய அறுவை சிகிச்சை. பெரும்பாலும் கைக்கு மட்டும் மரப்பூசி போட்டு, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அறுவை சிகிச்சை என்றதும் தள்ளிப்போடத் தோன்றும். எதுவரை தள்ளிப்போடலாம் என்பதற்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்து, கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் மேட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். வலது மேடு தட்டையாகியிருந்தாலோ, சட்டைப் பொத்தான் போடும்போது விரல் வழுக்கினாலோ, மரப்பு பகலெல்லாம் நீங்காமல் இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. அதற்கு முன்புவரை கெட்டது உறை மட்டும். அழுத்தம் நீங்கினால் அது வாரங்களில், மாதங்களில் திரும்பக் கட்டிக்கொள்ளும். மேடு வற்றிவிட்டது என்றால் உள்ளிருக்கும் இழையே அறுந்திருக்கிறது. கைகால் நரம்பின் இழை மறுபடி வளரும், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இல்லாத பாக்கியம் இது. ஆனால் வளர்வது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எல்லாம் சரியாக நடந்தாலே ஆறு மாதம்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலைமைகளையும் எழுதிவிடுகிறேன், வீட்டில் அப்பாவும் இருப்பதால். திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ தளர்வது, பேச்சு குழறுவது அல்லது பிறர் பேசுவது புரியாமல் போவது: நேரத்தைக் குறித்துக்கொண்டு, பக்கவாதத்துக்கு ஸ்கேனும் சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்குள்ளும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். இரண்டு பாதங்களிலும் ஆரம்பித்த மரப்பும் பலவீனமும் ஓரிரு நாளில் முழங்கால், தொடை என்று ஏறிக்கொண்டே வந்தால், அது சுவாசத் தசைகளையும் தொடக்கூடிய கில்லன் பாரே நோயாக இருக்கலாம். முதுகுவலியோடு கால்கள் தளர்ந்து சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, அதுவும் விடியும்வரை காத்திருக்கிற சமாச்சாரம் இல்லை.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். இரவில் மரத்துப்போய் எழும்போது, வெள்ளைத்தாளில் கையை வைத்து வரைந்து, மரத்த இடத்தை மட்டும் பேனாவால் நிழலிட்டு எடுத்துப் போங்கள். இரண்டு மூன்று இரவு வரைந்த தாள்கள் இருந்தால் இன்னும் நல்லது. மோதிர விரலை மட்டும் மறக்காமல் இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்துக் குறியுங்கள்.